சொட்டுக்கூட ஊத்தலை

பேட்டரிக்காரர் நாற்பது வருஷமாக ஒரு மனுஷனின் வாய்ச்சொல்லையும் நம்பியதில்லை. நம்பியிருந்தால் கடை என்றைக்கோ மூடியிருக்கும். செத்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொருத்தனும் ஒரே பாட்டைத்தான் பாடுவான்: "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, சொட்டுக்கூட ஊத்தலை." குழாய்த் தண்ணீரை ஊற்றியிருப்பான். கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருப்பான். ஒருத்தன் குடித்து மிச்சமிருந்த கலர் சோடாவையே ஊற்றிவிட்டு வந்து சத்தியம் பண்ணினான். பேட்டரிக்காரர் பதில் பேச மாட்டார். மூடியைத் திருகுவார், ஆசிட்டின் கனத்தை அளக்கிற ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டு உறிஞ்சுவார், கண்ணாடிக்குள் மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். மிதவைக்கு வாய் கிடையாது. அதனால் அதை நம்பினார்.

அப்பேர்ப்பட்ட ஆள் இப்போது ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில், ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டிலில், மூக்கில் ஒரு குழாயும் கையில் ஒரு குழாயுமாக மல்லாந்து கிடந்தார்.

குடல் முறுக்கிக்கொண்டது. அதையும் இரண்டு நாள் நம்பவில்லை. வெறும் வாயு என்று வீட்டிலேயே உருண்டார். வயிறு லாரி டயர் மாதிரி உப்பி, வாந்தி பச்சையாக வந்த பிறகு மனைவி அவரிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டு வண்டியைக் கூப்பிட்டாள். டாக்டர் வயிற்றைத் திறந்து, கறுத்துப்போன ஒரு முழம் குடலை வெட்டியெடுத்துவிட்டு, மீதியை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து மூடினார். மயக்கம் தெளிந்ததும் பேட்டரிக்காரர் கேட்ட முதல் கேள்வி, வலிக்குமா என்பதல்ல, பிழைப்பேனா என்பதல்ல. வெட்டியது எங்கே, காட்டு என்றார்.

பரிசோதனைக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். பேட்டரிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். கழற்றிய பழைய சாமானைக் காட்டாத மெக்கானிக்கை அவருக்குத் தெரியும். ஒன்றையும் கழற்றியிருக்க மாட்டான்.

டாக்டர் ஒல்லியான ஆள். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைதான் பேசுவது என்று வைத்திருந்தார்போல. வந்தார், வயிற்றில் கை வைத்தார், சொன்னார்: காற்று பிரிகிற வரைக்கும் வாயில் ஒன்றும் போகக் கூடாது. காற்று பிரிந்தால் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவரை வயிற்றில் ஊறுவதையெல்லாம் மூக்குக் குழாய் வெளியே எடுத்து, கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையில் சேர்க்கும். உடம்புக்கு வேண்டிய நீரைக் கையில் இறங்கும் பாட்டில் கொடுக்கும். அவ்வளவுதான். போய்விட்டார்.

அன்றிலிருந்து குடும்பம் முழுக்க அந்தக் காற்றுக்காகக் காத்துக் கிடந்தது. பெரியம்மா மகன் போன் பண்ணிக் கேட்டான். மச்சான் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கேட்டார். மனைவியின் அக்கா, பிரிந்தால் எந்நேரமானாலும் தகவல் சொல்லச் சொன்னாள். கடைசியில் சம்பந்தி வீட்டிலிருந்தே விசாரித்துவிட்டார்கள். மனைவி போனை மூடிக்கொண்டு, "சம்பந்தி கேக்குறாருங்க, ஆச்சான்னு," என்றாள். வாழ்நாளெல்லாம் சம்பந்தி முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்த மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர். குடலிறக்கத்துக்கு அறுத்திருந்தார்கள். சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் எப்போதும் ஒரு தலையணையை வயிற்றில் அமுக்கியபடி இருந்தார். பேட்டரிக்காரருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவருக்கு அந்தத் தலையணை ரொம்ப உதவியாக இருந்தது.

இரண்டாம் நாள் பேட்டரிக்காரர் தன் நிலைமையைத் தொழில்முறையில் ஆராய்ந்தார். குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது குறைகிறது. நாக்கு உப்புத்தாள் மாதிரி காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேட்டரி செல்லில் மட்டம் இறங்கினால் என்ன செய்வது? மேலே தண்ணீர் விட்டு நிரப்புவது. இதற்குப் படிப்பு வேண்டுமா?

ஆனால் இவர்கள் என்ன ஏற்றுகிறார்கள்? தலைமாட்டில் தொங்கிய பாட்டிலைக் காட்டிப் பெரிய சிஸ்டரைக் கேட்டார்.

பெரிய சிஸ்டர் அந்த வார்டின் தலைமை நர்ஸ். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் பேனா. நோயாளிக்குள் போவதையும் நோயாளியிலிருந்து வருவதையும் ஒரு சொட்டு விடாமல் அளந்து, கட்டில் காலடியில் தொங்கும் அட்டையில் எழுதுகிறவர். உப்புத் தண்ணீர் என்றார்.

பேட்டரிக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. உப்புத் தண்ணீரை செல்லில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ஈயப் பிளேட்டின் கதி என்ன என்று அவருக்குத் தெரியும். எத்தனை பிளேட்டுகளை அப்படிக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார், உளுத்த கதவு மாதிரி உதிரும். அதோடு இன்னொரு சின்ன பாட்டில் வேறு. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது. அது இறங்கும்போது நரம்பு முழங்கை வரைக்கும் காந்தியது. பொட்டாசியம், எரியத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பேட்டரிக்காரர் பொறுத்துக்கொள்ளவில்லை. குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது, உருட்டினால் வேகம் குறையும். நாற்பது வருஷம் திருகாணியோடு வாழ்ந்த கைக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆள் இல்லாதபோது உருட்டி அடைத்தார். சிஸ்டர் நடை கேட்டால் திறந்தார்.

மிச்சம் தாகம். அதற்கு ஒரு வழி அவர்களே காட்டினார்கள். வாய் கொப்பளித்துத் துப்பிக்கொள்ளலாம், முழுங்கக் கூடாது.

உடனே பேட்டரிக்காரர் நிபந்தனை போட்டார். ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீர் தன் வாயில் படாது. அதில் என்ன கண்றாவியெல்லாம் கலந்திருக்குமோ. மனைவியைக் கூப்பிட்டு, கடையில் பின்பக்க அலமாரியில் மேல்தட்டில் இருக்கும், சீல் பிரிக்காத அஞ்சு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் கேனை எடுத்துவரச் சொன்னார். பேட்டரிக்கு ஊற்றுவதை வாயிலா ஊற்றுவது என்று அவள் கேட்டாள். "உலகத்துலயே சுத்தமான தண்ணி அதுதான். ஒரு துளி உப்பு கிடையாது," என்றார். துப்பப்போகிற தண்ணீர்தானே, எதுவாயிருந்தால் என்ன என்று பெரிய சிஸ்டரும் விட்டுவிட்டார்.

அங்கேதான் பெரிய சிஸ்டர் கொஞ்சம் ஏமாந்தார்.

கேன் வந்தது. பேட்டரிக்காரர் வாய் கொப்பளிக்க ஆரம்பித்தார். முதல் டம்ளர் நியாயமாகத் துப்புகிற பேசினுக்குப் போனது. இரண்டாவதில் பாதி. மூன்றாவதிலிருந்து கன்னத்தை உப்பி, தலையை இடமும் வலமும் ஆட்டி, தொண்டையில் களகளவென்று சத்தமெல்லாம் எழுப்பி, கடைசியில் பேசினைத் தூக்கி முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு முழுங்கினார். துப்புகிற சத்தம் மட்டும் தனியாகச் செய்தார். "தூ." ஒரு நாளைக்கு இருபது தரம்.

முழுங்கின தண்ணீர் தங்கவில்லை. கால் மணி நேரத்தில் மூக்குக் குழாய் அதை உறிஞ்சிப் பைக்கு அனுப்பியது. பேட்டரிக்காரருக்கு அதில் சந்தோஷம்தான். மேலே ஊற்றினால் கீழே வருகிறது, உள்ளே அழுக்கெல்லாம் அலசிக்கொண்டு போகிறது. ஓட்டம் அடைப்பில்லாமல் இருக்கிறது. பழைய தண்ணீர் போகப் புதுத் தண்ணீர். இதைவிட நல்ல சர்வீஸ் எந்த வண்டிக்குக் கிடைக்கும்?

மூன்றாம் நாள் பையில் ஒன்றேகால் லிட்டர். நான்காம் நாள் இரண்டரை. பெரிய சிஸ்டர் அட்டையில் எழுதிவிட்டு, எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பட்டினி கிடக்கிற ஆளின் வயிற்றில் இவ்வளவு எங்கிருந்து ஊறுகிறது?

காற்று மட்டும் பிரியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் பேட்டரிக்காரர் எழுந்தபோது கால் இரண்டும் சிமெண்டு மூட்டையாகக் கனத்தன. விரல்நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. டம்ளரைப் பிடிக்கப் போனால் கைவிரல்கள் தாமாக மடங்கிக் கூம்பிக்கொண்டன. சரி, சார்ஜ் குறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதற்கப்புறம் நினைப்பதும் சரியாக வரவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். யாரோ ஒருத்தர் வயிற்றில் எதையோ அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேட்டரியைக் கொண்டுவந்திருக்கிற கஸ்டமர்தான், சந்தேகமில்லை.

"உங்களுது நாளைக்குத்தான் ஆகும்," என்றார்.

கண்டக்டருக்குப் புரியவில்லை. எது என்றார்.

"மடியில வச்சிருக்கீங்களே, அது. உண்மையச் சொல்லுங்க, என்ன ஊத்தினீங்க?"

கண்டக்டர் தலையணையைக் குனிந்து பார்த்தார். "சத்தியமா ஒண்ணும் ஊத்தலைங்க."

"எல்லாப் பயலும் இதத்தான் சொல்றான்," என்று பேட்டரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கண்டக்டர் தலையணையை இரண்டு கையாலும் அமுக்கி, முகம் சிவக்க, சத்தமில்லாமல் குலுங்கினார்.

ஈ.சி.ஜி. எடுக்க வந்த பெண் நெஞ்சில் ஒயர்களை ஒட்டியபோது, சிவப்பைப் பிளஸ்ஸில் கொடுத்தாயா என்று அதட்டிக் கேட்டார். பையை மாற்ற வந்த ஆயாவிடம், என் ஆசிட்டை எங்கே கொண்டுபோய் விற்கிறீர்கள் என்றார். ஆயா அந்த வார்டைக் கூட்டித் துடைத்து, பேசின், பை எல்லாம் கழுவுகிறவள். இவரைவிடப் பெரிய வாயாடி. உங்க ஆசிட்ட எவன் வாங்குவான் என்று சொல்லிக்கொண்டே போனவள், வாசலில் நின்ற பெரிய சிஸ்டரிடம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நம்பர் கட்டில்காரர் நாள் முழுக்கக் கொப்பளிக்கிறார், பேசின் என்னவோ காய்ந்தே கிடக்கிறது.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. டாக்டர் படித்தார். திருப்பிப் படித்தார். மனைவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தன் அன்றைய இருபது வார்த்தைக்கு மேலேயே செலவழித்தார். ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டது, அதனால்தான் உளறுகிறார். பொட்டாசியம் பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் ஏறவில்லை, அதனால்தான் கை கால் துவண்டு கிடக்கிறது. வயிற்று அமிலம் முழுக்கக் குழாய் வழியாகப் போய், ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்ந்துவிட்டது, விரல் இழுப்பது அதனால். இவ்வளவு தண்ணீர் மேலே திரும்புகிறது என்றால் தைத்த இடத்தில் அடைப்பு இருக்கும் என்று சந்தேகப்படுகிறார். இன்றைக்கு முழுக்க உப்புகளை ஏற்றிப் பார்ப்பது, நாளைக் காலைக்குள் மாற்றம் இல்லையென்றால் வயிற்றைத் திரும்பத் திறப்பது. இந்த உடம்பு நிலையில் இன்னொரு தரம் திறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதையும் மறைக்கவில்லை.

மனைவி ஆடிப்போனாள். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டாள். பிறகு கட்டிலுக்குத் திரும்பி வந்து, டாக்டர் சொன்னதை வார்த்தை விடாமல் அவர் காதில் போட்டாள். பேட்டரிக்காரருக்கு மற்றதெல்லாம் மூட்டமாகத்தான் இருந்தது, "திரும்பத் திறக்குறாங்களாம்" என்பது மட்டும் தெளிவாக உள்ளே இறங்கியது. ஒரு தரம் திறந்த செல்லைத் திரும்பத் திறந்தால் அது உருப்படாது. நாற்பது வருஷத்தில் ஒன்றுகூட உருப்பட்டதில்லை.

டாக்டரும் பெரிய சிஸ்டரும் கட்டிலருகே வந்தார்கள். சிஸ்டர் நேராகக் கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்க. ஏதாவது குடிச்சீங்களா?"

"சொட்டுக்கூட இல்லை."

"பேசின் ஏன் காய்ஞ்சு கிடக்கு?"

"ஃபேன் ஓடுதுல்ல."

பேட்டரிக்காரரின் குரல் நடுங்கவில்லை. நாற்பது வருஷம் பொய் கேட்டவருக்கு அதைச் சொல்லவும் வந்திருந்தது. சிஸ்டர் மேலே ஃபேனைப் பார்த்தார், கீழே கேனைப் பார்த்தார், டாக்டரோடு போனார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம், தண்ணீரால்தான் இது என்று அவருக்கு எள்ளளவும் தோன்றவில்லை. அவர்களுடைய உப்பும் எரிச்சலும்தான் உடம்பைக் கெடுத்தது, தன் தண்ணீர்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. சொன்னால் கேனைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளைக்கு அவரை உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள், அதற்குள் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும். அஞ்சு நாளாக வாய் நாறுகிறது என்று ஆயா குத்திக்காட்டியது நினைவுக்கு வந்தது. கீழே மருந்துக் கடைக்குப் போய், வாய் கொப்பளிக்கிற மருந்து ஒரு பாட்டில் வாங்கினாள். சிவப்பு நிறம், புதினா வாசனை. டம்ளருக்கு ஒரு மூடி போதும் என்று கடைக்காரர் சொன்னார். அவள் முந்தின நாள்தான் கொண்டுவந்திருந்த இரண்டாவது கேனில் பாட்டில் முழுவதையும் கவிழ்த்துக் குலுக்கி வைத்தாள். குறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. வைத்துவிட்டு, மச்சானுக்குச் செய்தி சொல்ல வராந்தாவுக்குப் போனாள்.

பேட்டரிக்காரர் டம்ளரில் ஊற்றியபோது தண்ணீர் சிவந்து வந்தது. கண்தான் கோளாறு என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்குக் கண்டக்டரே கஸ்டமராகத் தெரிந்தார், தண்ணீர் சிவப்பாய்த் தெரிவது ஒரு அதிசயமா? வாயில் ஊற்றினார். ஜில்லென்று இனித்தது. அஞ்சு நாளில் முதன்முதலாக ஒரு ருசி. நாக்கு கட்டுப்படவில்லை. நாலு டம்ளர் போனது.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கண்டக்டர்தான் முதலில் பார்த்தார். மூக்குக் குழாய் முழுக்கச் சிவப்பு. கட்டிலுக்குக் கீழே பை சிவப்பு. அவர் மணியை அமுக்கினார், விடாமல் அமுக்கினார். சிஸ்டர் வந்தார், பின்னாலேயே டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் வெளுத்தது.

"உள்ளே கசியுது. நாளைக்கு வரைக்கும் வேண்டாம். தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க."

தள்ளுவண்டி வந்தது. ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. வராந்தாவிலிருந்து ஓடிவந்த மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழக்கூட இல்லை. இரண்டு பேர் பேட்டரிக்காரரின் தலைப்பக்கமும் கால்பக்கமும் வந்து நின்று, ஒண்ணு, ரெண்டு என்றார்கள்.

பேட்டரிக்காரரின் மூளை அன்று காலையிலிருந்து ஓட்டாத வண்டி மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தது. இருந்தாலும் ஒரு விஷயம் மெல்ல ஏறியது. டம்ளரில் சிவப்பு. பையில் சிவப்பு. உலகத்தில் இது ரத்தமில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வாயைத் திறந்தால் வயிறு தப்பும். வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பும், வயிறு திறக்கும். இப்படி மென்று முழுங்கிக்கொண்டு எத்தனை பேர் கடை வாசலில் நின்றிருக்கிறார்கள். அவர்களை நிற்கவைத்து என்னவெல்லாம் கேட்டிருக்கிறார். மனைவியின் கையைப் பார்த்தார். கம்பியைப் பிடித்த விரல் வெளுத்திருந்தது.

"மூணு" சொல்வதற்குள், "நில்லுங்கப்பா," என்றார். "அது ரத்தம் இல்லை."

டாக்டர், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

"மோந்து பாருங்க."

பெரிய சிஸ்டர் பையின் மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டாக்டரிடம் நீட்டினார். டாக்டரும் முகர்ந்தார்.

"புதினா," என்றார்.

பக்கத்துக் கட்டிலில் தலையணைக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

சிஸ்டர் கேனின் மூடியைத் திருகி அதையும் முகர்ந்தார். பிறகு கட்டில் விளிம்புக்கு வந்து நின்றார். "எவ்வளவு?"

"கொஞ்சம்தான். நாக்க நனைக்க."

"கேட்டது எவ்வளவு."

பேட்டரிக்காரர் கண்ணால் கட்டிலுக்கு அடியைக் காட்டினார். அங்கே முதல் கேன் காலியாகக் கிடந்தது. டாக்டர் அஞ்சு நாளில் முதல் தடவையாக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்றார் சிஸ்டர்.

பேட்டரிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். "அந்த எரியற பாட்டிலு..."

"என்ன பண்ணினீங்க?"

"சக்கரத்த உருட்டினேன். நீங்க வர்றப்ப திறந்துருவேன்."

மனைவி கம்பியை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். கண்டக்டர், தான் எல்லாவற்றையும் முதல் நாளே பார்த்துவிட்டதாகவும், டிக்கெட் எடுக்காதவன் முழி தனக்குத் தெரியாதா என்றும், சொல்ல வாயெடுத்தால் சிரிப்பு வந்து தையல் பிரியும் என்பதால்தான் பேசாமல் இருந்ததாகவும் ஒவ்வொரு வார்த்தையாக விட்டு விட்டுச் சொன்னார்.

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பேட்டரிக்காரருக்குச் சுலபமாக இருந்திருக்கும். குழாய் இழுத்தது வெறும் தண்ணீரை இல்லை என்றார். ஒவ்வொரு டம்ளரும் உள்ளே போய், வயிற்றிலிருந்த அமிலத்தையும் உப்பையும் வழித்துக்கொண்டு வெளியே வந்தது. திரும்ப உள்ளே போனது சுத்தமான தண்ணீர். கொடுத்த பொட்டாசியத்தையும் அடைத்தாகிவிட்டது. அது குறைந்தால் குடல் அசையாது. அசையாத குடலில் காற்று எப்படிப் பிரியும்?

பேட்டரிக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். மண்டைக்குள் ஏதோ நெளிந்தது. வெயிலில் வற்றின பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றலாம். போனது தண்ணீர் மட்டும்தான். கவிழ்ந்து கொட்டின பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினால்? போனது ஆசிட். மட்டம் சரியாக நிற்கும், பார்வைக்கு நிறைந்திருக்கும், மிதவை அடியில் கிடக்கும். வண்டி கிளம்பாது. கடைக்கு வருகிற கத்துக்குட்டி டிரைவர்கள் செய்கிற வேலை. அவர்களை அவர் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்பதை இங்கே எழுத முடியாது.

"நான் வத்திப்போச்சுன்னு நினைச்சேன்," என்றார் மெதுவாக. "இது கொட்டினது."

"கொட்டினதுதான்," என்றார் சிஸ்டர். கேன் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார்.

தள்ளுவண்டி காலியாகக் கிறீச்சிட்டுத் திரும்பியது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், இரண்டு நாள் பார்ப்பேன். உப்பெல்லாம் ஏறி, காற்றும் பிரிந்தால் சரி. பிரியவில்லையென்றால் அடைப்பு நிஜம், திறந்துதான் ஆக வேண்டும். போகிறபோது ஏதோ நினைத்தவராக நின்று, போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தட்டில் கறுத்துச் சுருண்ட ஒரு முழம் குடல். பேட்டரிக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்னுதுதான்னு எப்படி நம்புறது?"

டாக்டர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த இரண்டு நாள் பேட்டரிக்காரர் பிடித்து வைத்த மாதிரி கிடந்தார். சிவப்பு ஸ்டிக்கர் பாட்டில் காந்தியது, பல்லைக் கடித்தார். சக்கரத்தின் மேல் சிஸ்டர் பிளாஸ்திரி ஒட்டி, அதில் தன் கையெழுத்தும் போட்டிருந்தார். கொப்பளிக்கத் தண்ணீர் கிடையாது, நனைத்த பஞ்சு மட்டும். அதையும் ஆயா தன் கையில் பிடித்துக்கொண்டுதான் உதட்டில் தொட்டாள். பிழிந்து குடித்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். பையில் வருவது முக்கால் லிட்டராகி, கால் லிட்டராகி, வடிவதே தெரியாமல் நின்றது. கூம்பிய விரல் விரிந்தது. உளறல் நின்று, பழையபடி வெறும் சிடுசிடுப்பு மட்டும் மிஞ்சியது. மனைவிக்கு அதைக் கேட்கவே ஆனந்தமாக இருந்தது. காற்றுதான் பாக்கி. மச்சான் கேட்டார், அக்கா கேட்டாள், சம்பந்தி இரண்டு தரம் கேட்டார்.

ஏழாம் நாள் காலை பதினோரு மணிக்கு அது நடந்தது.

பேட்டரிக்காரர் ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தார். பிறகு மணியை அமுக்கினார். சிஸ்டர் வந்தார்.

"ஆயிருச்சு," என்றார்.

"என்ன ஆயிருச்சு?"

"அதான். பிரிஞ்சிருச்சு."

சிஸ்டர் அவரைப் பார்த்தார். பேனாவைத் திறக்கவில்லை. "அப்படியா."

அந்த "அப்படியா"வை பேட்டரிக்காரருக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய சொந்தச் சரக்கு. கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்வார். இப்போதுதான் அது எதிர்ப்பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று தெரிந்தது. எழுதாவிட்டால் நாளைக்குத் தள்ளுவண்டி.

"சத்தியமாங்க. இப்பத்தான்."

"சாட்சி இருக்கா?"

பேட்டரிக்காரர் திரும்பி, ஏழு நாளில் முதன்முறையாகக் கண்டக்டரைக் கெஞ்சலாகப் பார்த்தார். கண்டக்டர் தலையணையை அணைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். சாட்சிக் கூண்டில் ஏறியவர் போலத் தொண்டையைச் செருமினார்.

"கேட்டேன் சிஸ்டர். ரெண்டு. ஒண்ணு சின்னது, ஒண்ணு லாங் டிக்கெட்."

வார்டு முழுக்கச் சிரித்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் நீர் வந்துவிட்டது. போனைக் கையில் எடுத்தாள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. கண்டக்டரின் பேச்சையும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் காதில் மாட்டினார். கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். போர்வையை விலக்கி, கட்டுக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், இடப்பக்கம், வலப்பக்கம். ஒவ்வொரு இடத்திலும் நிதானமாக நின்று கேட்டார். மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்க்கும்போது பேட்டரிக்காரரின் முகமும் அப்படித்தான் இருக்கும். மனைவி போனில் நம்பரைப் போடாமல் காத்திருந்தாள்.

பேட்டரிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்மணியைப் பார்த்தார். ஏழு நாளில் இந்த ஆஸ்பத்திரியில் யாரையும் அவர் மதித்ததில்லை. இது வேலை தெரிந்த கை என்று அப்போதுதான் பட்டது.

சிஸ்டர் காதிலிருந்து எடுத்தார். "ஓடுது," என்று அட்டையில் எழுதினார்.

மனைவி வராந்தாவுக்கு ஓடினாள். முதல் போன் சம்பந்திக்குத்தான் போட்டிருப்பாள், சந்தேகமே வேண்டாம்.

சாயங்காலம் டாக்டர் வந்து மூக்குக் குழாயை உருவினார். சிஸ்டர் ஒரு டம்ளரும் ஸ்பூனும் கொண்டுவந்து, மணிக்கு ரெண்டு ஸ்பூன்தான் என்று சொல்லி முதல் ஸ்பூனை நீட்டினார். பேட்டரிக்காரர் வாயைத் திறக்கவில்லை.

"என்ன தண்ணி அது?"

"உப்புப் போட்ட தண்ணி."

பேட்டரிக்காரர் ஸ்பூனைக் கிட்டே இழுத்து ஒரு தரம் மோந்து பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். சிஸ்டர் ஸ்பூனை எடுத்த பிறகும் நகராமல் நின்று, அவர் முழுங்குகிறாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.